இரண்டாம் பக்கம் சுத்தம்

தொண்ணூறுகளின் நடுவில், பழைய இசைத்தட்டு விற்ற எல்லோரிடமும் தரத்தைச் சொல்ல ஒரே சொல்தான் இருந்தது: கண்டிஷன். தட்டு கண்டிஷன், அட்டை கண்டிஷன். வற்புறுத்திக் கேட்டால் நல்ல கண்டிஷன். கீறலை விரலால் தொட்டுக் காட்டினாலும் முகம் மாறாது. "ஓடும்லா? அப்புறம் என்ன?"

நான் அப்போது திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியர். அடுத்தவர் எழுதியதில் தப்பு பார்ப்பது வேலை. "ஏராளமானோர் கலந்துகொண்டனர்" என்று செய்தி வந்தால், எத்தனை பேர் என்று கேட்டுத் திருப்பி அனுப்புவேன். இசைத்தட்டு வாங்கும்போதும் அந்தப் பழக்கம் போகவில்லை. இரண்டு பக்கத்தையும் முழுக்கக் கேட்ட பிறகுதான் தரம் சொல்வேன். அதற்கு மூன்று சொற்கள் வைத்திருந்தேன். தெளிவாகப் பாடினால் சுத்தம். பாட்டுக்குப் பின்னால் கடுகு பொரிவதுபோல் கேட்டால் இரைச்சல். முள் ஒரே வரியில் மாட்டிக்கொண்டாலும், அடுத்த வரிக்குக் குதித்தாலும் தாவல். இதைப் பென்சிலால் அட்டையின் பின்பக்க மூலையில் எழுதிவைப்பேன். பாளையங்கோட்டையிலிருந்து தென்காசி வரை பத்துப் பன்னிரண்டு பேர் அந்த மூலையை மட்டும் படித்துவிட்டுத் தட்டு வாங்கினார்கள். அதில் எனக்குப் பெருமைதான்.

அம்பாசமுத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு அண்ணாச்சி ரேடியோ செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கந்தூரி எல்லாவற்றுக்கும் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிறவர். கேசட் வந்தபின் தட்டுகளை விற்றுவிட முடிவு செய்தார். முன்னூறு சொச்சம் தட்டு. 'பேப்பர்காரர் எழுதிக் கொடுத்தால் தட்டு விலைபோகிறதாம், நமக்கும் எழுதித் தரச் சொல்லும்' என்று தெரிந்தவர் மூலம் சொல்லியனுப்பினார். என் விடுப்பு நாட்களில் நாலைந்து முறை போனேன்.

முதல் நாள் அவரே சோதித்துக் காட்டினார். அவருடைய பிளேயரில் முள் இருக்கும் தலையின் மேல் ஒரு நாலணாவை டேப் போட்டு ஒட்டியிருந்தார். அந்தக் கனத்தில் முள் எந்தக் கீறலையும் உழுதுகொண்டு போனது. சத்தம் வாசலில் கட்டிய குழாய் வழியாக வந்தது. தெருவில் லாரி போகும்போது அதில் இரைச்சலைக் கண்டுபிடிக்க எந்தக் காதாலும் ஆகாது.

"தாவுதா பாரும்" என்றார்.

"காசை எடுத்துட்டுப் போடுங்க அண்ணாச்சி."

"காசை எடுத்தா தாவத்தான்வே செய்யும்."

"அப்போ தாவல்னுதான் எழுதணும்."

"காசு வச்சுப் போடவும்னு எழுதுமேன். அதுவும் உண்மைதான?"

பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "தட்டோட ஒரு நாலணாவையும் சேத்துக் குடுத்துரும் அண்ணாச்சி, பிரச்சினை தீந்துது."

மறுமுறை என் பெட்டிப் பிளேயரைப் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். தட்டுகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்திருந்தார். பார்க்கப் பளபளப்பு, முள்ளுக்குப் பிசுக்கு. பக்திப் பாட்டுத் தட்டுகளில் முதல் பாட்டு மட்டும் தேய்ந்து சாம்பல் பூத்திருந்தது, விசேஷம் தொடங்கும்போது அதைத்தானே போடுவார்கள். மீதிப் பாட்டுகள் கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல் இருந்தன. எல்லாவற்றையும் எழுதினேன். ஒரு காலத்தில் இரண்டு செட் ஓட்டியவர் என்பதால் பல தட்டுகளில் இரண்டிரண்டு பிரதி இருந்தன. தமிழ் இஸ்லாமியப் பாடல்கள் அடங்கிய தட்டு ஒன்றும் அப்படி. ஒரு பிரதியில் இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டில் தாவல். இன்னொன்றில் இரண்டாம் பக்கம் சுத்தம். இரண்டு அட்டையிலும் தனித்தனியே எழுதி, அதனதன் தட்டை உள்ளே போட்டுவிட்டு வந்தேன்.

அந்தத் தட்டைத் தேடிக்கொண்டுதான் மேலப்பாளையத்துக்காரர் ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். சவூதியில், தம்மாமில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை. இரண்டு மாத லீவு, அதில் பத்து நாள்தான் பாக்கி. இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு அவருடைய நிக்காஹ் அன்று, மாப்பிள்ளை ஊர்வலம் பெண்வீட்டு வாசலுக்கு வரும்போது குழாயில் பாடியது. அது கேசட்டில் வரவில்லை. தம்மாமில் அவருடைய அறையில் ஒரு மலையாளியிடம் பிளேயர் இருந்தது.

"வாரத்துல வெள்ளிக்கிழமை ஒரு நாளுதான் சார் அங்கன நாளா விடியும். அன்னைக்கு இதை ஒரு தடவை கேட்டா போதும்" என்றார்.

அம்பாசமுத்திரத்துக்குப் போகச் சொன்னேன். இரண்டு பிரதி இருக்கும், மூலையில் 'இரண்டாம் பக்கம் சுத்தம்' என்று எழுதியதை வாங்குங்கள் என்றேன். போனார், பார்த்தார், வாங்கினார்.

புதன்கிழமை சாயங்காலம் தட்டோடு வந்து நின்றார். வெள்ளிக்கிழமை விடியற்காலை அவருக்குத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்கு வேன்.

"சார், இது நீங்க எழுதினதுதான?"

"ஆமா."

"ரெண்டாம் பக்கம் சுத்தம்னு போட்டிருக்கிய."

"சுத்தம்தான்."

"அப்போ எங்க வீட்டு பிளேயருக்குத்தான் கிறுக்கு. கடைசிப் பாட்டுல மாப்பிள்ளை வாசலுக்கு வந்துக்கிட்டே இருக்காரு சார். உள்ள வர மாட்டேங்காரு." அவரே சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. "எங்க வீட்ல மொதல்ல சிரிச்சா. அப்புறம் எந்திரிச்சு அடுக்களைக்குள்ள போயிட்டா."

தட்டை மேசை விளக்கில் சாய்த்துப் பார்த்தேன். கடைசிப் பாட்டின் குறுக்கே நகமளவுக் கீறல். எனக்குத் தெரிந்த கீறல்தான். அது இன்னொரு பிரதி. என் கையெழுத்து இருந்த அட்டைக்குள் வேறு தட்டு.

வியாழக்கிழமை விடுப்பு சொல்லிவிட்டு அம்பாசமுத்திரம் போனேன். அண்ணாச்சி ஒளிக்கவில்லை. நான் தரம் எழுதிவிட்டுக் கிளம்பியதும் தட்டுகளை எல்லாம் அட்டையிலிருந்து உருவி மரப்பெட்டியில் அடுக்கியிருக்கிறார். அட்டைகள் கண்ணாடி அலமாரிக்குப் போயிருக்கின்றன. கல்யாண வீட்டார் வந்தால் அட்டையைக் காட்டித்தான் பாட்டு பேசுவார்.

"தட்டு பெட்டியில, அட்டை அலமாரியில. கடை தொறந்த நாள்லேர்ந்து அப்படித்தான்வே."

"விக்கும்போது எந்த அட்டைக்கு எந்தத் தட்டுன்னு எப்படிப் பார்த்துப் போட்டீங்க?"

"என்னத்தப் பாக்க? ரெண்டும் ஒரே பாட்டுதான?"

எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. ஒரே பாட்டு, ஒரே தட்டு அல்ல என்று நாலு விதமாகச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தட்டுக்குத் தரம் போடுதவரு தட்டுல எழுதணும். நீரு அட்டையில எழுதிட்டு என்கிட்ட சாடுதீரே" என்றார். எரிச்சலுக்குக் காரணம் அவர் சொன்னது சரி என்பதே. தட்டின் நடுவில் காகித லேபிள் இருக்கிறது; எழுத இடமும் இருக்கிறது. அந்தக் கடையில் அட்டையும் தட்டும் தனித்தனியே இருந்ததை முதல் நாளே கண்ணால் பார்த்தவன் நான். பார்த்தும் யோசிக்கவில்லை. இரட்டைப் பிரதி இருந்த ஒவ்வொரு தட்டிலும் என் எழுத்து இனி எதற்கும் உத்தரவாதமில்லை.

சுத்தமான பிரதி பெட்டியோடு சேரன்மகாதேவிக்குப் போயிருந்தது. அங்கே ஒரு புதுவீட்டில் பால்காய்ப்பு. கேசட் சிக்கினால் கைக்கு இருக்கட்டும் என்று செட்டோடு தட்டுப்பெட்டியையும் அனுப்புவாராம். பஸ் பிடித்துப் போனேன். செட் போட்டிருந்தவர் பந்தலுக்குள் இலை முன் உட்கார்ந்திருந்தார். பெட்டியின் மேல் ஒரு தண்ணீர்க்குடம். குடத்தை இறக்கி, ஒவ்வொரு தட்டாக உருவி, கீறல் இல்லாத பிரதியை எடுத்தேன். "அண்ணாச்சிகிட்ட சொல்லிட்டுத்தான எடுக்கிய?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்கு வந்து எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவி, காயவைத்து, கடைசிப் பாட்டை மூன்று முறை கேட்டேன். ஒரு குறையும் இல்லை. இந்த முறை லேபிளில் எழுதினேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் மேலப்பாளையம் போனேன். வேனின் மேல் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தெரு முழுக்க மின்சாரம் இல்லை. தட்டை நீட்டினேன். அவர் லேபிளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். அதே 'இரண்டாம் பக்கம் சுத்தம்'.

"மூணு தடவை கேட்டேன். சுத்தமா இருக்கு" என்றேன்.

"அதுலயும் இப்படித்தான சார் எழுதியிருந்திய."

நடந்ததைச் சொன்னேன். பெட்டி, அலமாரி, மாறிப்போன அட்டை. தலையாட்டிக் கேட்டார். கோபம் இல்லை, இருந்திருந்தால் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

"கரண்டு இருந்தா இப்பவே போட்டுப் பாத்திருப்பேன். அங்கன போய்ப் போட்டு, அதுவும் மாட்டுச்சுன்னா நான் யாருகிட்ட சார் சொல்லுவேன்? இருக்கட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த லீவுல பாப்போம்."

வேன்காரர் ஆரன் அடித்தார். பயணம் போகிறவர் தட்டை என்னிடம் திருப்பித் தரும்போது வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"அதை இங்கன வச்சிட்டுப் போகச் சொல்லுங்க. கரண்டு வந்ததும் நான் கேட்டுப் பாத்துட்டு உங்களுக்குக் கடுதாசி போடுதேன்."

அவர் முகம் தெளிந்தது. தட்டு என் கையிலிருந்து அவர் கைக்கும், அங்கிருந்து கதவு இடுக்கின் வழியாக உள்ளேயும் போனது. அவர் வேனில் ஏறினார். நல்ல தட்டு மேலப்பாளையத்தில் இருந்தது. அதைக் கேட்க வேண்டியவர் விமானத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.