குருவி அம்மா, அணில் அம்மா

இன்று காலை மகளை முதன்முறையாகத் தனியாகக் கொழும்பு ரயிலில் ஏற்றிவிட்டேன். அவள் கடுகண்ணாவை ஸ்டேஷனைத் தாண்டுவதற்குள் நான் இரண்டு தரம் போன் பண்ணியாயிற்று. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும், சிறுவயதில் நாங்கள் இருந்த மஹய்யாவ வீட்டு விளக்குதான் நினைவுக்கு வந்தது.

அந்த வருஷம் ஒரு கொண்டைக்குருவி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, முன்னறை விளக்கின் மூடிக்குள் கூடு கட்டிவிட்டது. எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் குருவி கூடு கட்டினால் யாரும் கலைக்க மாட்டார்கள். அப்பா பல்பைக் கழற்றினார். ஜன்னல் திறந்தே கிடந்தது. நாங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பாடம் படித்தோம். அதே சமயம் கூரையோரத்தில் ஓர் அணிலும் குட்டி போட்டிருந்தது. குருவி என் கட்சி, அணில் அண்ணன் கட்சி. எது கெட்டிக்காரி என்று சோற்றுத் தட்டின் முன்னால்கூடச் சண்டை.

அப்பா கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்த அன்று, அணில் தன் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு கொய்யா மரத்துக்கு ஓடியது. அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. அப்படி ஒரு குதி!

மறுநாளே என் குருவியின் குஞ்சு விளக்கிலிருந்து பொத்தென்று தரையில் விழுந்தது. வாசலில் பக்கத்து வீட்டுப் பூனை. தாய்க்குருவியோ வெளியே கொடிக்கம்பியில் புழுவோடு உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது. உள்ளே வரவேயில்லை.

“பாத்தியா ஒன் குருவிய! தூக்கத் தெரியல, புழுவ காட்டி வெறுப்பேத்துது,” என்றான் அண்ணன்.

நான் பாய்ந்து குனிந்தேன்.

“தொடாதடி! அதுவே போகட்டும்!” அம்மா ஒரு கையால் என் பாவாடையைப் பிடித்து இழுத்தார். மறு கையில் வீடு கூட்டும் தும்புத்தடியைப் பூனைக்கு நேரே ஓங்கிப் பிடித்திருந்தார்.

குஞ்சு எம்பியது. அப்பா உட்காரும் கதிரையின் காலில் மோதி உருண்டது. மறுபடி எம்பிக் கதிரைமேல் ஏறியது, அங்கிருந்து ஜன்னல் கட்டைக்கு. பூனை தடியைத் தாண்டிப் பாய்ந்தது, நாங்கள் அலறினோம், குஞ்சு வெளியே விழுந்தது. இல்லை, பறந்தது! செம்பருத்திக் கிளையில் தொங்கிக்கொண்டிருந்த அதன் வாயில் தாய் புழுவைத் திணித்தது. நானும் அண்ணனும் கட்டிப்பிடித்துக் கூத்தாடினோம்.

அம்மா மட்டும் தும்புத்தடியோடு அப்படியே நின்றார். முகமெல்லாம் வேர்வை.

“என்ன இருந்தாலும் அணில்தாம்மா நல்ல அம்மா,” என்று நானே கட்சி மாறினேன். “அது தூக்கிட்டு போச்சு. இது சும்மா நின்னுச்சு.”

“சும்மாவா நின்னுச்சு?” அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தூக்கிட்டு போறது லேசுடி.”

அம்மா பூனைக்குப் பயந்துவிட்டார் என்றுதான் அன்று நினைத்தேன்.