அறை பார்க்கப் போய் மோட்டர் கழற்றியது

கவின், ஆரணி, நாளைக்கு நீங்களும் படிக்கவென்று வீட்டை விட்டு வெளிக்கிடுவீர்கள். அதனால் உங்கள் அக்காவுக்கு யாழ்ப்பாண டவுனில் அறை பார்த்த கதையை எழுதி வைக்கிறேன்.

நான் தண்ணீர் மோட்டர் திருத்துகிறவன். எந்த ஊரையும் எனக்கு அந்த வழியால்தான் தெரியும். மோட்டரைக் கழற்றினால் உள்ளே சுற்றுகிற இம்பெல்லர் சொல்லிவிடும். வெள்ளையாகப் படிந்திருந்தால் உவர்த் தண்ணீர். சுத்தமாக இருந்தால் நல்ல தண்ணீர்.

மருத்துவபீடத்தில் வார்ட்டு வேலை தொடங்கியதும், புத்தூரில் இருந்து பஸ்ஸில் போய்வந்து அக்கா களைத்துப்போனாள். மோட்டர் திருத்துகிற சாமான் பெட்டியையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அவளோடு அறை தேடிப் போனேன்.

கொண்டாவிலில் ஒரு வீடு. கிணற்றடிக்குப் போய் மோட்டரைக் கழற்றத் தொடங்கிவிட்டேன். வீட்டுக்கார அம்மா ஓடி வந்தார்.

"அண்ணை, நீங்கள் அறை பாக்க வந்தனீங்களோ, மோட்டர் கழட்ட வந்தனீங்களோ?"

"ரண்டுக்கும்தான் தங்கச்சி. பிள்ளை குளிக்கிற தண்ணியெல்லோ."

இம்பெல்லர் புதிது போல இருந்தது. வீட்டுக்கு வருகிற ஒழுங்கையும் அமைதி. எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

"ஆனா ஒரு பிள்ளைக்குத்தான் அறை," என்றார் அந்த அம்மா.

அக்கா என் கையைப் பிடித்தாள். "அப்பா, ஆஸ்பத்திரிக்குக் கிட்ட நேற்றுப் பாத்த வீட்டையே எடுப்பம்."

அந்த வீட்டு மோட்டரையும் நேற்றுக் கழற்றிப் பார்த்திருந்தேன். உள்ளே சுண்ணாம்பு பூசினது போல உப்பு.

"உனக்கென்ன விசரோ? அந்தத் தண்ணியிலை முழுகினா தலைமயிர் கூட்டுற தும்புக்கட்டை மாதிரி வரும்."

"வரட்டும். அங்கை ரண்டு பேர் இருக்கலாம். டிலினிக்கு இஞ்சை ஒருத்தரும் இல்லை."

டிலினி மாத்தறையில் இருந்து வந்து அவளோடு படிக்கிற பிள்ளை. தமிழ் அரைகுறை. தனியாக அறை கேட்டுத் திரிந்துகொண்டிருந்தாள்.

அக்கா குரலைத் தணித்தாள். "முதல்முதல் பிரேதம் வெட்டின அண்டைக்கு நான் வெளியிலை ஓடிப்போய்ச் சத்தி எடுத்தனான் அப்பா. பின்னாலை வந்து முதுகு தடவினது அவள்தான். உங்களுக்கு நான் சொல்லேல்லை."

நான் மோட்டரைத் திரும்பப் பூட்டி, நட்டுகளை இறுக்கினேன். பிறகு, "ஓம், அதையே எடுப்பம்," என்றேன்.

குடிபோன அன்று டிலினி வாசலுக்கு வந்தாள். "அங்கிள், உங்கட மகள் தண்ணி உப்பு எண்டு சொன்னா. பரவாயில்ல. எங்கட வீடும் கடல் பக்கம்தான்."

"அப்பாக்கு எங்களைப் பற்றிக் கவலை இல்லையடி, எங்கடை தலைமயிரைப் பற்றித்தான்," என்றாள் அக்கா. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இடம் தேடும்போது நான் தண்ணீரைப் பார்த்தேன். அக்காவோ பக்கத்தில் யார் என்று பார்த்தாள். பிள்ளைகள், நீங்கள் போகும்போது இரண்டையும் பாருங்கள். இரண்டும் ஒரே இடத்தில் கிடைக்காவிட்டால், அக்கா செய்ததைச் செய்யுங்கள்.

அவர்கள் குடிபோன அன்று பின்னேரம் புத்தூருக்குத் திரும்பி, நான் தனியே எங்கள் நல்ல தண்ணீர்க் கிணற்றடிக்குப் போனேன். அக்காவுக்குக் கொண்டுபோக ஒரு பிளாஸ்டிக் கானில் தண்ணீர் நிறைத்தேன். பிறகு கொட்டிலுக்குள் கிடந்த மற்றக் கானையும் எடுத்து வந்து, பழைய மணம் போகும்வரை கழுவி, அதையும் நிறைத்து வைத்தேன்.