யாரும் தொடாத புடவை

கொசுமருந்துப் பம்பு அடிக்கிறவர்கள் வந்தபோது நாங்கள் சாப்பிட்டு முடித்திருந்தோம். ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு வருஷம், திருத்தணி. மலையடிவாரத்தில், கோயிலுக்குச் சமைக்கிறவர்கள் குடியிருந்த தெரு. என் கணவர் மலைமேல் மடைப்பள்ளியில் நைவேத்தியம் சமைப்பவர். எனக்கு இருபத்திரண்டு வயது, இடுப்பில் நாலு மாதப் பெண் குழந்தை. வீட்டில் மாமியார். பிறகு ஒரு சாம்பல் நிறப் பூனை, அரிசிப் பானைகளுக்குக் காவல்.

மருந்து அடிக்க வருகிறார்கள் என்றதும் சந்தோஷப்பட்டவள் நான்தான். முறைக்காய்ச்சல் வந்த நாட்களில் என் கணவர் மூன்று போர்வைக்கு அடியில் நடுங்குவார். மேலே நான் ஏறி உட்கார்ந்தாலும் கட்டில் ஆடும். கொசுவை ஒழித்தால் காய்ச்சல் ஒழியும் என்றார்கள். ஒழியட்டும், வாருங்கள், கதவு திறந்தே இருக்கிறது என்று இருந்தேன்.

காக்கி நிக்கர் போட்ட ஒருவர் பம்பும் வாளியுமாக நுழைந்தார். வாளிக்குள் சுண்ணாம்புத் தண்ணீர் போல ஏதோ.

"சாமான்லாம் வெளிய வெச்சுடுங்கம்மா. செவுரு, கூரை, மூலை, ஒண்ணு விடாம அடிக்கணும்."

பானை, தொட்டில், பலகை எல்லாம் தெருவுக்கு வந்தன. அவர் அண்ணாந்து பார்த்தார். "மேல என்னாம்மா தொங்குது? எடுத்துடுங்க."

உத்திரத்தில் கட்டிய மூங்கில் கொடியில் என் புடவையும் கணவரின் வேஷ்டியும் உலர்ந்துகொண்டிருந்தன. அவை மடித்துணி. காலையில் குளித்து, தோய்த்து, குச்சியால் உயர்த்திப் போட்டுவிட்டால், மறுநாள் குளித்துவிட்டு வந்து எடுக்கும்வரை யார் கையும் படக்கூடாது. அதைக் கட்டிக்கொண்டுதான் சமைக்கலாம், சாமி விளக்கைத் தொடலாம். சாப்பிட்டு எழுந்த கை அந்தக் குச்சியைக்கூடத் தொடாது.

"அது மடி. இப்போ யாரும் தொடப்படாது" என்றார் மாமியார்.

"நான் வேணா எடுத்துத் தரட்டுமாங்க?"

"நீ எடுத்தா ஆத்தையே அலம்பணும். நீ பாட்டுக்கு அடிச்சுட்டுப் போ."

"ஆங், சரி. துணியக் கொசு கடிக்காது, நிம்மதியா இருங்க" என்று சிரித்துக்கொண்டே அடித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்னும் என் வாயிலிருந்து துப்ப முடியவில்லை. போகும்போது கதவில் சிவப்புக் காவிக்கட்டியால் மூன்று இங்கிலீஷ் எழுத்தும் தேதியும் போட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் விடியலில் குளித்துவிட்டுப் புடவையை இழுத்தேன். கஞ்சி போட்டதுபோல் விறைத்திருந்தது. உதறினால் வெள்ளையாகப் பறந்தது. ஏதோ பூட்டிய பெட்டியைத் திறந்த வாசனை.

"அம்மா, இது ஒரு மாதிரி இருக்கே."

"யாராவது தொட்டாளா?"

"இல்லை."

"அப்புறம் என்ன? மடிதான்."

கட்டிக்கொண்டேன். வீட்டிலேயே சுத்தமான துணி அது. அன்றும் தோய்த்தேன், மறுநாளும் தோய்த்தேன். தோய்த்ததை அதே கொடியில், அதே சுவருக்கு அருகில் போட்டேன். வாசனை குறைந்தது, போகவில்லை. குழந்தை அழுதால், மடியோடு இருக்கிறவள் அதன் சட்டையை அவிழ்த்துவிட்டுத் தூக்கலாம். துணியில்லாத குழந்தைக்குத் தீட்டில்லை. அப்படித்தான் தூக்கினேன். வெறும் உடம்பாக அது என் புடவையில் புரண்டது, பால் குடிக்கும்போது முந்தானையைப் பிடித்து இழுத்தது, பால் போதாவிட்டால் முந்தானையைச் சப்பியது.

முதல் இரண்டு நாள் தரையில் கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன. பல்லிகள் சுவரிலிருந்து பொத்பொத்தென்று விழுந்தன. பூனைக்கு விருந்து. தின்றுவிட்டுச் சுவரோரமாகப் படுத்து உடம்பையெல்லாம் நக்கிக்கொண்டது.

ஐந்தாம் நாள் அதன் காது துடித்தது. ஈ உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்தேன். வீட்டில் ஈயே இல்லை. பிறகு மீசை. பிறகு முன்கால். மத்தியானத்துக்குள் அதன் தோல் முழுதும், கல் விழுந்த குளம்போல, நடுங்கிக்கொண்டே இருந்தது. எழுந்து நடக்கப் பார்த்துப் பக்கவாட்டில் சரிந்தது. சாயங்காலம் செத்துப்போயிற்று.

"பூனை செத்தா பாவம்னு சொல்லுவா" என்றார் மாமியார்.

"நாம கொல்லலையேம்மா" என்றார் கணவர்.

நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுவதற்கு முன்னால் அதன் மோவாய் நடுங்கியது. எல்லாக் குழந்தைக்கும் நடுங்கும். நேற்று நடுங்கியதா, முந்தாநாள் நடுங்கியதா, நான் ஏன் பார்க்கவில்லை? என் கையை நீட்டிப் பார்த்தேன். அதுவும் நடுங்குவதுபோல் இருந்தது, பயத்தில்தானா?

அந்த மருந்து என் உடம்பில் ஏறியிருந்தால், பாலிலும் ஏறியிருக்குமே. அன்றிரவு முதல் பால் கொடுப்பதை நிறுத்தினேன்.

கணவரிடம் மட்டும் சொன்னேன். "பசும்பால் குடுக்கறேன். கொஞ்ச நாள்."

"ஏண்டி, உனக்குப் பால் இல்லையா?"

"இருக்கு. அதுதான் பயமா இருக்கு."

மறுநாள் காலையில் சொம்பை எடுத்துக்கொண்டு நானே பால்காரி வீட்டுக்குப் போனேன். தெலுங்கு கலந்து பேசும் பெண். நான் பார்க்கப் பார்க்கவே கறந்தாள். நுரை பொங்கியது. வாங்கிக்கொண்டு நிமிர்ந்தால், கொட்டகைச் சுவரில் சிவப்பில் அதே மூன்று எழுத்து.

"இங்கேயும் அடிச்சாளா?"

"ஆங், அடிச்சாங்க. எங்க நைனா கூப்ட்டு அடிக்கச் சொன்னாரு. ஒரு ஈ இல்லம்மா. மாடு நல்லா படுத்துகினு இருக்குது, செவுத்த நக்கிகினு."

சொம்பு என் கையில் இருந்தது. கொட்டவும் முடியவில்லை, கொண்டுபோகவும் முடியவில்லை. வேறு பால் எங்கே கிடைக்கும்? எந்தச் சுவரில் அந்த எழுத்து இல்லை? கொண்டுபோய்க் காய்ச்சி, ஆற்றி, சங்கில் புகட்டினேன். குழந்தை துப்பியது. என் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டு வலித்தது. பிழிந்து முற்றத்தில் விட்டேன். எறும்பு வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. வந்த எறும்பு சாகிறதா என்று உட்கார்ந்து பார்த்தேன். இப்படி நாலு நாள்.

நாலாம் நாள், பம்பு அடிக்கிறவர் பக்கத்துத் தெருவில் இருப்பதாகக் கேள்விப்பட்டு, குழந்தையோடு போனேன். முழங்கை வரை வாளிக்குள் விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார்.

"எங்காத்துப் பூனை செத்துப்போச்சு."

"பூனை சாவும்மா. நிறைய வீட்ல செத்துச்சு. அது மேலெல்லாம் நக்குது இல்ல? மனுசனுக்கு ஒண்ணும் ஆவாது. பாருங்க, நான் கையாலதான் கலக்கிகினு இருக்கேன். பூனை நக்கும், கொழந்தை நக்குமா?"

"நக்கும்" என்றேன். "புடவையை. அன்னிக்கு மேல தொங்கித்தே, அதை."

அவர் கையை வெளியே எடுத்தார். அந்தக் கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். அவர் அதை நிக்கரில் துடைத்துக்கொண்டதால் தெரியவில்லை.

"எனக்கும் ஊட்ல கைக்கொழந்தை இருக்குதும்மா" என்றார். "இந்தச் சட்டையோடதான் போய்த் தூக்குறேன்." பிறகு, மெதுவாக, "அந்தத் துணிய எடுத்துப் போட்டுடுங்க. பால் குடுங்க. கொழந்த பாலில்லாம இருக்கக் கூடாது."

அது வைத்தியமா, ஆறுதலா, தெரியாது. தெருவிலிருந்து வந்த காலோடு, குளிக்காமல், குழந்தையைத் தொட்டிலில் விட்டு, முக்காலியில் ஏறி மடிக்கொடியில் கை வைத்தேன். புடவையையும் வேஷ்டியையும் உருவிக் கீழே போட்டேன்.

"என்னடி பண்றே? அவன் நாளைக்கு என்னத்தைக் கட்டிண்டு நைவேத்தியம் பண்ணுவான்?"

"வேற வேஷ்டியை நனைச்சுப் பிழிஞ்சு ஈரத்தோட கட்டிக்கட்டும். ஈரமும் மடிதானே."

"எனக்கே மடி சொல்லித் தரியா?"

"இல்லம்மா. குழந்தைக்குப் பசிக்கறது."

மாமியார் நின்றார். குழந்தையைப் பார்த்தார். பிறகு முக்காலி சாயாமல் பிடித்துக்கொண்டார். மறுநாள் என் கணவர் சொட்டச் சொட்ட ஈர வேஷ்டியோடு படியேறிப் போனார். நான் பழைய சேலையில் சுவரைவிட்டுத் தள்ளி, கூடத்தின் நடுவில் உட்கார்ந்து பால் கொடுத்தேன். குழந்தை விழுங்கும் ஒவ்வொரு மடக்கையும் எண்ணினேன். குடிக்கட்டும், வேண்டாம், குடிக்கட்டும், வேண்டாம்.

அந்த வருஷம் எங்கள் தெருவில் முறைக்காய்ச்சல் யாருக்கும் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

குழந்தை வளர்ந்தது. ஓடியது, படித்தது, கல்யாணமாகிப் போயிற்று. இப்போது பத்திரிகைகளில் எழுதுகிறார்கள்: அந்த மருந்து கரையாதாம், அழியாதாம், மண்ணிலும் மீனிலும் மாட்டிலும் மனுஷர் கொழுப்பிலும் தங்கிவிடுமாம், தாய்ப்பாலில் இறங்குமாம். படித்துவிட்டு அறைக்கு அறை நடக்கிறேன். எவ்வளவு இறங்கியது? நாலு நாள் நிறுத்தியது எதற்கு உதவியது? எதற்குமே இல்லையோ?

போன மாதம் பிரசவத்துக்கு வந்த மகள், தன் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கேட்டாள்: "எனக்கு எத்தனை மாசம் பால் குடுத்தேம்மா?"

"பதினோரு மாசம். நடுவுல நாலு நாள் குடுக்கலை."

"ஏன்?"

அவள் குழந்தை கண்ணை மூடிக் குடித்துக்கொண்டிருந்தது. அது முடிக்கட்டும், சொல்கிறேன் என்றேன்.