இரண்டு டாலர் குறிக்கு நடுவே

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் ஏறி உட்கார்ந்ததும் சிங்கப்பூரிலிருந்து போன். என்னிடம் ஆன்லைனில் கணக்கு படிக்கிற நிலாவின் அம்மா.

"மிஸ், நேத்து டெஸ்ட்ல கடைசிக் கேள்விக்கு ஜீரோ போட்டிருக்கீங்க."

"ரொம்ப ஈஸியான கணக்குங்க. கையில இருபது டாலர், புத்தகம் எட்டு டாலர், மீதி எவ்வளவு? அதைக்கூட எழுதாம விட்டிருக்கா."

"அவ ஸ்கிரீன்ல எப்படித் தெரிஞ்சுதுன்னு போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க."

காவிரிப் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. பார்த்தேன்.

$20, $8 என்று நான் அடித்திருந்த இரண்டு டாலர் குறிகளையும் காணோம். அவற்றுக்கு நடுவிலிருந்த வார்த்தைகள் இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டு, சாய்ந்த எழுத்தில் ஏதோ சூத்திரம் மாதிரி கிடந்தன.

நான் டெஸ்ட் வைக்கிற இணையதளத்தில் சூத்திரம் எழுத இரண்டு பக்கமும் டாலர் குறி போட வேண்டும். தினமும் நான் போடுவதுதான். பணத்துக்குப் போட்டாலும் அது சூத்திரமென்றே எடுத்துக்கொள்ளும் என்று எனக்கு உறைக்கவில்லை.

மற்ற பிள்ளைகள் கண்ணில் பட்ட இருபதிலிருந்து எட்டைக் கழித்து மார்க் வாங்கிவிட்டார்கள். நிலா மட்டும்தான் கேள்வியைப் படிக்கப் பார்த்திருக்கிறாள்.

அவளுக்குத்தான் நான் சிவப்பில் எழுதியிருந்தேன்: "கேள்வியை ஒழுங்காகப் படி."

"மார்க்கைத் திருத்திடறேங்க" என்றேன்.

"அது பரவால்ல மிஸ். இனிமே ஒழுங்கா படிக்கிறேன்னு உங்ககிட்ட சாரி சொல்லச் சொன்னா."

பணத்தின் டாலர் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு (\) போட்டால் சரியாகிவிடுமாம். இறங்குவதற்குள் தேடிக் கண்டுபிடித்துவிட்டேன்.

நான் சிவப்பில் எழுதியதற்கு முன்னால் என்ன போட வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.