மலைக்கு ஹெல்மெட் போட்டுப் போனவர்

விபத்து இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் எதிரே வந்தால் ஜனங்கள் சகுனம் சரியில்லை என்று சந்துக்குள் திரும்பிவிடுவார்கள். தொண்ணூறுகளில் காஞ்சிபுரத்தில் நான் பார்த்த பிழைப்பு அது. பாலிசி வாங்கி அவதிப்பட்டவர்களே, விற்று அவதிப்பட்டவர்களே, இது நம் கதை.

அமாவாசை லீவு

எங்கள் ஊர் நெசவாளிக்கு ஞாயிற்றுக்கிழமை கணக்கில்லை, அமாவாசைதான் லீவு. அன்றைக்குத் தறி ஓடாது. பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரம் என்று ஒரு தறிக்காரர். அமாவாசை வந்தால் கூட்டாளிகளோடு பைக்கில் கிளம்பிவிடுவார். ஏரி நிறைந்திருந்தால் நீச்சல், இல்லையென்றால் செங்கல்பட்டுப் பக்கம் ஏதாவது பாறைக் குன்று ஏறுவது. மாதம் முழுக்கத் தறிக் குழியில் காலை விட்டு உட்கார்ந்திருப்பவருக்குக் கால் பரபரக்காதா?

ஆள் கிடைத்தாரே என்று ஒரு பாலிசியைத் தலையில் கட்டினேன். "குன்னுலருந்து உருண்டாக்கூடக் குடுப்பாங்களா சார்?" என்று கேட்டார். எல்லாம் தெரிந்தவன் மாதிரி, "எங்கே உருண்டாலும் கொடுப்பாங்க" என்றேன். பேனாவை வாங்கிக்கொண்டே சொன்னார்:

"அப்போ தைரியமா உருளலாம்னு சொல்லு சார்!"

பொடி எழுத்து

அடுத்த வாரம் ஆபீஸ் கூட்டத்தில் எங்கள் மேனேஜர் பாலிசியின் பின்பக்கத்தைப் படித்தார். பொழுதுபோக்குக்காக மலை ஏறி, தலைக்கவசம் மாதிரி பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் அடிபட்டால் ஒன்றும் கிடையாதாம். சத்தியமாக நான் அந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லை. "அடிபட்டவனிடம் போய் இதைக் கேட்கலாமா?" என்று எகிறினேன். மனுஷர் நிதானமாகக் கேட்டார்:

"பார்த்து ஏறுறவனுக்கும் கண்ணை மூடிக்கிட்டு ஏறுறவனுக்கும் ஒரே பிரீமியம்னா, பார்த்து ஏறுறவன் என்ன இளிச்சவாயனா?"

சொல்லாமல் விட்டது

ஓடிப்போய் ஏகாம்பரத்திடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பாலிசியே வேண்டாம் என்பாரோ என்று நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினேன். அமாவாசை எனக்காகக் காத்திருக்குமா? ஏகாம்பரம் பாறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். மூன்று மாதம் தறியைத் தொடக்கூடாது என்றுவிட்டார் டாக்டர். வீட்டில் ரெண்டு பிள்ளைகள். பாலிசியிலிருந்து வாராவாரம் பணம் வந்தால்தான் உலை ஏறும்.

அவர் மனைவி சுலோச்சனாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்துக் கேட்டார்:

"தலைக்குப் போட்டாரான்னு பார்த்துட்டுத்தான் உடைஞ்ச கைக்குக் குடுப்பாங்களா? எந்த ஊரு நியாயம் சார் இது?"

விசாரணை

சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி வந்தார். ஏகாம்பரம் வீட்டுக்கு நான்தான் அவரை அழைத்துப் போனேன். முதல் கேள்வியே, "மேலே ஏறும்போது ஹெல்மெட் போட்டிருந்தீங்களா?"

"போட்டிருந்தேனே" என்றார் ஏகாம்பரம். சுலோச்சனா உள்ளேயிருந்து ஹெல்மெட்டை எடுத்துவந்து வைத்தார். உச்சியில் இவ்வளவு நீளத்துக்கு விரிசல். அன்றைக்குக் கூடக் குன்று ஏறிய ரெண்டு கூட்டாளிகளும் ஆமாம் என்றார்கள். அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதிகாரி விடவில்லை. "பைக்கை விட்டு இறங்கினா எல்லாரும் கழற்றிடுவாங்க. நீங்க ஏன் கழற்றலை?"

பாதுகாப்புக்குத்தான் என்று சொல்லேன்யா என்று மனசுக்குள் கெஞ்சினேன். ஏகாம்பரத்துக்குப் பொய் வராது.

"பாதுகாப்பாவது ஒண்ணாவது! அங்க ஒரே குரங்கு சார். போன தடவை வண்டி கண்ணாடில மாட்டிட்டுப் போனேன், தூக்கிக்கினு மரத்துல ஏறிடுச்சு. இதையும் தொலைச்சிட்டு வந்தா வீட்டுக்குள்ள சேக்கமாட்டேன்னுட்டா இவ. அதான் தலையில வெச்சிக்கினே ஏறினேன்."

போச்சு, தொலைந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். அதிகாரிக்குக் கண்ணில் தண்ணீர். துடைத்துக்கொண்டே எழுதினார், எழுதிக்கொண்டே சொன்னார்:

"போட்டாரான்னுதான் பாலிசி கேக்குது, எதுக்குப் போட்டாருன்னு கேக்கலையே!"

அதற்கப்புறம் நிபந்தனை முழுவதையும் வாய்விட்டுப் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள், ஆனால் அமாவாசை வந்தால் யார் எங்கே உருள்வாரோ என்று எனக்குக் காய்ச்சல் வருவது நின்றுவிட்டது.