மிச்சமிருந்த பதினோரு நாள்

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோகொபி, படிவம் நிரப்புதல், இணையத்தில் விசா விண்ணப்பம், இதுதான் தொழில். தோட்டத்திலிருந்து வருகிறவர்களுக்குப் படிவம் என்றாலே கை நடுங்கும். எனக்கு நடுங்காது. எனக்கு இருந்தது திமிர். இத்தனை வருடத்தில் ஒரு திகதியைக்கூடத் தவறவிட்டதில்லை என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். கணவர் இதைக் கேட்டுக் கேட்டு, "ஆமா, கலண்டர அச்சடிக்கிறதே நீதானே," என்பார். அந்தத் திமிர் என்ன செய்தது என்பதை எழுதி முடித்தால்தான் அது என்னை விடும் போலிருக்கிறது.

அம்மாவுக்கு ஒரே ஒரு அக்கா. பசறைக்கு மேலே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில், ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். பெரியம்மா வாழ்க்கைப்பட்ட குடும்பம் இந்தியப் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்திருந்தது. எங்கள் தாத்தா இலங்கைக்கு எழுதியிருந்தார். இரண்டு அரசாங்கமும் பேசி முடித்து ஆட்களைப் பிரித்துக்கொண்டபோது பெரியம்மா இந்தியாவுக்குப் போக ரயில் ஏறினாள். அம்மாவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு கடிதம், அப்புறம் தொலைபேசி, கடைசிக் காலத்தில் வீடியோ. ஐம்பது வருடத்துக்கு மேல் இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளவில்லை.

கோத்தகிரியிலிருந்து பெரியம்மாவின் மகன் அழைத்தார். எனக்கு அண்ணன் முறை. "தங்கச்சி, ஆஸ்பத்திரியில அம்மாவ வீட்டுக்குக் கொண்டு போகச் சொல்லிட்டாங்க. ஈரல் முழுக்கப் பழுதாம். சித்தியக் கேட்டுக்கிட்டே இருக்கு. கூட்டிட்டு வந்துருங்க," என்றார். நான் விஷயத்தைச் சொன்னதும் அம்மா அழவில்லை. "அக்கா கண்ண மூடுறப்ப நான் பக்கத்துல இருக்கணும். அத மட்டும் செஞ்சு குடு புள்ள," என்றாள். வாழ்நாளில் அம்மா என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

அன்றைக்கே எங்கள் இருவருக்கும் முப்பது நாள் சுற்றுலா விசாவுக்கு விண்ணப்பித்தேன். அனுமதிக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. அதில் 'முடிவுத் திகதி' என்று ஒரு வெள்ளிக்கிழமை போட்டிருந்தது. சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு அம்மாவிடம் காட்டினேன். "இந்த வெள்ளிக்கிழமைக்குள்ள நாம திரும்பி வந்துறணும். அதுக்கு மேல ஒரு நாள்கூட இருக்க ஏலாது." கீழே இன்னும் நாலைந்து வரிகள் சின்ன எழுத்தில் இருந்தன. ஊருக்கெல்லாம் கீழே இருப்பதை வாசிக்கச் சொல்லும் நான் அதை வாசிக்கவில்லை.

உடனே புறப்பட்டிருக்கலாம். பயணச்சீட்டு, கடையை மகனிடம் ஒப்படைப்பது, அம்மாவின் மூக்குக்கண்ணாடி என்று பதினோரு நாள் இழுத்துவிட்டது. பெரியம்மாவுக்கு மாசிக் கருவாடு வேண்டுமாம், இங்கத்துத் தேயிலைத் தூள் வேண்டுமாம். அங்கேயும் சுற்றிலும் தேயிலைதானே என்று கேட்டதற்கு, "அது வேற, இது வேற. ஒனக்குத் தெரியாது," என்றாள் அம்மா.

நான் சொன்ன திகதியை அம்மா ஒரு தடவைகூட ஏன் என்று கேட்கவில்லை. காரணம் இருந்தது. அம்மா சிறுமியாக இருந்தபோது, பக்கத்துக் காம்பராவில் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்த ஒரு குடும்பத்துக்கு இங்கே தங்கும் விசா முடிந்துவிட்டது. கிழவனுக்கு முடியாமல் இருந்ததால் போகாமல் இருந்திருக்கிறார்கள். ஒருநாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் கூடியிருந்த நேரம் பொலிஸ் வந்து, கொடியில் காய்ந்த துணியை எடுக்கக்கூட விடாமல் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனது. அந்தத் துணிகளை எடுத்து மடித்து வைக்க யாருக்கும் துணிவு வரவில்லையாம். மழையும் வெயிலும் பட்டு அவை கொடியிலேயே கிழிந்ததை அம்மா பார்த்திருக்கிறாள். கடுதாசியில் ஒரு திகதி இருந்தால் அதற்கு முந்தைய நாளே மூட்டையைக் கட்ட வேண்டும் என்பது அம்மாவின் எலும்பில் ஏறிப்போன விஷயம். அம்மாவின் வயதில் இங்கே உள்ள பலரும் அப்படித்தான்.

கொழும்பிலிருந்து திருச்சி, அங்கிருந்து பஸ். கோத்தகிரியில் பெரியம்மாவின் வீட்டு வாசலில் இறங்கியபோது அம்மா செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே போனாள். கட்டிலில் ஒரு கை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தாள் பெரியம்மா. அம்மா கட்டிலில் ஏறி பக்கத்தில் படுத்துக்கொண்டாள். அறுபத்தெட்டு வயதுப் பெண், செருப்போடு. நான்தான் கழற்றிவிட்டேன்.

பத்தொன்பது நாள் இருந்தோம். அம்மா ரொட்டி தட்டுவாள், மாசி போட்டுச் சம்பல் இடிப்பாள். பெரியம்மாவால் சாப்பிட முடியாது. நாக்கில் தொட்டு வைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சப்புவாள். "தேயிலை ஸ்டோருக்குப் பின்னால இருந்த பீலியில தண்ணி இன்னும் வருதா?" என்று கேட்பாள். அந்தப் பீலி வற்றிப் பல வருடமாகிவிட்டது. "வருதுக்கா, இப்பவும் ஜில்லுன்னுதான் இருக்கு," என்று அம்மா கூசாமல் பொய் சொல்வாள். நான் சிரிப்பை மறைக்க அடுப்படிக்குப் போய்விடுவேன்.

புறப்படும் நாள் பெரியம்மா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்டி. அவ்வளவுதான் நான் இருப்பேன்."

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் தாங்க முடியவில்லை. நான் பதில் சொன்னேன். கடையில் வரிசையில் நிற்பவரிடம் சொல்வதுபோலவே சொன்னேன். "பெரியம்மா, விசா முடியுது. ஒரு நாள் கூடினாலும் பெரிய வில்லங்கம். அடுத்த தரம் விசா தர மாட்டாங்க."

பெரியம்மா வாதாடவில்லை. அவளும் அந்த லயத்துக்காரிதானே. "திகதி முடிஞ்சா போயிறணும்தான்," என்று சொல்லிவிட்டு, பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

நாங்கள் ஊர் திரும்பி எட்டாம் நாள் செய்தி வந்தது. அண்ணன்தான் அழைத்தார். கடைசி இரண்டு மூன்று நாள் பெரியம்மாவுக்கு நினைவு தடுமாறிவிட்டதாம். "தங்கச்சி அடுப்படியில இருக்கு, வரச் சொல்லு, வரச் சொல்லுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சி. நாங்களும் இந்தா வருதும்மா, இந்தா வருதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தோம். வாசலையே பாத்துக்கிட்டு போயிருச்சி." தொலைபேசியில் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்ததால் அம்மாவும் கேட்டாள். எழுந்து எங்கள் அடுப்படிக்குப் போய், அங்கே ஒரு வேலையும் இல்லாமல் வெகுநேரம் நின்றாள்.

துக்கம் துக்கமாக இருந்தது, அவ்வளவுதான். என் மேல் எனக்கு அப்போது ஒரு குறையும் இல்லை. சட்டப்படி போனோம், சட்டப்படி வந்தோம், விதி முடிந்தது என்று வருகிறவர்களிடம் எல்லாம் நானே சொன்னேன்.

இரண்டு மாதம் கழித்து எல்ல என்ற சுற்றுலா ஊரில் தங்கியிருந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி கடைக்கு வந்தாள். நீர்வீழ்ச்சி பார்க்க பதுளைக்கு வந்தவள், ஏதோ பயணச்சீட்டு அச்செடுக்க வேண்டுமாம். அவள் தந்த தாள்களோடு நம் நாட்டுக்கு வர எடுத்த அனுமதிக் கடிதமும் இருந்தது. முடிவுத் திகதி போன கிழமையே தாண்டியிருந்தது. எனக்கு வந்ததே ஒரு அதிகாரம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், உங்கள் விசா முடிந்துவிட்டது, இன்னும் இங்கே சுற்றுகிறீர்களே என்று கேட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. அந்தத் திகதி நாட்டுக்குள் வந்து சேர வேண்டிய கடைசி நாள், அதற்குள் வந்து இறங்கினால் போதும், எத்தனை நாள் தங்கலாம் என்பது இறங்கிய நாளிலிருந்து கணக்கு என்று பொறுமையாகச் சொன்னாள். கடவுச்சீட்டைத் திறந்து விமான நிலையத்தில் குத்திய முத்திரையையும் காட்டினாள். "எல்லாரும் குழம்புவது இதில்தான்," என்று சிரித்தாள். நான் மீதிக் காசு கொடுக்க மறந்தேன். அவளே கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து அம்மாவின் கடவுச்சீட்டை எடுத்தேன். திருச்சியில் இறங்கியபோது குத்திய முத்திரை தெளிவாக இருந்தது. எதுவரை தங்கலாம் என்ற திகதியும் அதிலேயே இருந்தது. நான் வட்டம் போட்ட வெள்ளிக்கிழமைக்குப் பதினோரு நாள் பிந்திய திகதி. போவதற்கு முன் நான் வீணாக்கிய பதினோரு நாளையும் அந்த நாடு எங்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நான்தான் வேண்டாம் என்று அம்மாவை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். பெரியம்மா போனது எட்டாம் நாள். அதற்குப் பிறகும் மூன்று நாள் மிச்சம் இருந்தது.

அந்தப் பதினோரு நாளும் எங்கள் வீட்டுக்குள் குடிவந்துவிட்டன. பல் துலக்கும்போது, இது நாலாம் நாள், அம்மா ரொட்டி தட்டியிருப்பாள் என்று மனதில் ஓடும். சோறு வடிக்கும்போது, இது ஏழாம் நாள், வாயில் தண்ணீர் விட்டிருப்பாள் என்று ஓடும். பால்மா பெட்டியில் உள்ள திகதியைக்கூட இரண்டு தடவை வாசித்துப் பார்ப்பேன். கடையில் யாராவது விசாவோடு வந்தால் என் குரல் எனக்கே தெரியாமல் ஏறிவிடும். "இது உள்ள போறதுக்கான நாளு. இது உள்ள இருக்கக்கூடிய நாளு. ரெண்டும் வேற. ஒரு நாட்டுல ஆறு மாசம் செல்லும்னு போட்டிருப்பான், ஆனா முப்பது நாள்தான் தங்க விடுவான். இன்னொரு நாட்டுல கடிதத்துல நாள் முடிஞ்சிரும், ஆனா நீங்க இருக்கலாம். எறங்கின ஒடனே முத்திரையப் பாருங்க. வெளங்கலன்னா அங்கேயே கேளுங்க. வாயத் தொறந்து கேளுங்க." மடூல்சீமைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், "ஏன் அக்கா ஏசுறீங்க?" என்று கேட்டுவிட்டாள். பாவம், அவள் கேட்டது விலை மட்டும்தான்.

அம்மாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? வாழ்நாளில் ஒன்றே ஒன்று கேட்டவள். அவள் என்னைப் பார்க்கும் போதெல்லாம் நான் பார்வையைத் திருப்பினேன். கோபம் வேறு வந்தது, காரணமில்லாமல் அம்மா மேலேயே எரிந்து விழுந்தேன். நாலு மாதம் அப்படிப் போனது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். கடவுச்சீட்டை அவள் முன்னால் வைத்து, ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். "நாம இருந்திருக்கலாம்மா. பதினோரு நாள் இருந்துச்சி. நான்தான் பிழையா வாசிச்சிட்டேன். நான்தான் ஒங்களப் பிரிச்சிட்டேன்."

அம்மா துருவுவதை நிறுத்தவில்லை. "தெரியும்," என்றாள்.

"எப்பிடி? யாரு சொன்னா?"

"திரும்பி வர்றப்பவே தெரியும். திருச்சி ஏர்போட்டுல முத்திரை குத்துற தம்பி சொல்லுச்சி. நீ அடுத்த வரிசையில நின்னு முன்னுக்கே தாண்டிப் போயிட்ட. அந்தத் தம்பி புத்தகத்தப் பொரட்டிப் பாத்துட்டு, இன்னும் பதினோரு நாள் இருக்கேம்மா, அதுக்குள்ள ஏன் போறீங்க, இருந்துட்டுப் போறதுதானேன்னு கேட்டுச்சி. முத்திரையக் கையில வச்சிக்கிட்டே கேட்டுச்சி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அம்மா தேங்காய் மூடியைக் கீழே வைத்தாள். "ஆழம் பாக்குதுன்னு நெனச்சேன் புள்ள. ஆசப்பட்டு இருக்கேன்னு சொன்னா, திகதி தாண்டி இருக்கப் பாத்தியான்னு புடிச்சிருவாங்கன்னு நெனச்சேன். இல்ல சாமி, நான் இருக்க மாட்டேன், போயிர்றேன், குத்துங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். பிளேன்ல ஏறி ஒக்காந்த பெறகுதான் அந்தப் புள்ள மெய்யாத்தான் கேட்டிருக்குன்னு வெளங்கிச்சி. அப்ப கதவச் சாத்திட்டாங்க."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"சொன்னா நீ ஒன்னயே தின்னுக்குவ. அதான் சொல்லல. நீ பிழையா வாசிச்ச, சரி. இருன்னு சொன்ன எடத்துல மாட்டேன்னு சொன்னது நான்தானே."

நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா என் தலையில் கை வைத்தாள், தேங்காய்த் துருவல் ஒட்டிய கை.

"அந்தத் தம்பிக்கு ஒம் மகன் வயசுதான் இருக்கும்," என்றாள் பிறகு. "மீசைகூட சரியா மொளைக்கல. அதப் போய்ப் பாத்து பயந்துட்டேனே."