பிரிச்சுப் பாக்காம ஏத்த மாட்டேன்

பெட்டியைத் தராசில் ஏற்றும் முன்னால் திலகவதி தானே ஏறி நிற்கிறார். முள் ஐம்பத்தொன்பதில் போய் நிற்கிறது. இறங்கி, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, மறுபடியும் ஏறுகிறார். அதே ஐம்பத்தொன்பது. "நேத்து அம்பத்தெட்டு காமிச்சுச்சு சார். ராத்திரி ரெண்டு இட்லிதான் தின்னேன். ரெண்டு இட்லி ஒரு கிலோவா? பொய் சொல்லுது இது" என்று தராசின் விலாவில் ஒரு தட்டு வைக்கிறார். பிறகு ஆணியில் தொங்கும் கொக்கித் தராசை எடுத்துப் பெட்டியை அதிலும் மாட்டித் தூக்குகிறார். இரண்டு தராசும் ஒரே கணக்கைச் சொல்லி நான் பார்த்ததில்லை. எது அதிகம் காட்டுகிறதோ அதுதான் அவருக்கு நிஜம்.

ஆலங்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், தேங்காய் மண்டியை ஒட்டிய பத்தடிக் கடை. போர்டில் 'ஜெராக்ஸ், லேமினேஷன்' என்று இருக்கிறது. ஜெராக்ஸ் மெஷின் மேல் துணியைப் போர்த்தி அட்டைப்பெட்டிகளை அடுக்கி எத்தனையோ வருஷம் ஆயிற்று. சிங்கப்பூருக்கோ கல்ஃபுக்கோ கிளம்புகிறவர்கள் திருச்சி ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறுமுன் இங்கேதான் சாமான் கட்டுகிறார்கள். நைலான் கயிறு, கோணி ஊசி, பழுப்பு டேப்பு, பெயர் எழுத ஒரு தடித்த மார்க்கர். அதோடு ஊருக்கே பங்கு வைக்கிற அளவுக்குச் சந்தேகம்.

"பிரிச்சுப் பாக்குறேன்னு சொல்லி அதிரசத்தத் தின்னுருவா" என்று அரிமளத்தில் ஒருவர் என்னிடம் அடித்துச் சொன்னார். பொய் சொல்வானேன், அதை நம்பித்தான் போனேன். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு இரண்டு நாள் அவர் கையையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தேன். அதிரசத்தைப் பிட்டுப் பார்ப்பது உண்மை. ஆனால் பிட்டதை நீட்டுவது கொண்டுவந்தவரிடம். "நீங்க தின்னுங்க. என் கண்ணு முன்னாடி தின்னுங்க." சர்க்கரை வியாதி என்று ஒரு பெரியவர் இழுத்தார். அவருடைய பார்சல் அன்றைக்கு ஏறவில்லை.

என்னை மட்டும் விட்டுவைப்பாரா? முதல் நாளே என் நோட்டைச் சுட்டிக்காட்டி, "கஸ்டம்ஸ்ல இருந்தா வாரீங்க?" என்றார். பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றேன். "அப்படித்தான் சொல்லுவாக" என்று சொல்லிவிட்டு, பழைய இதழ் ஒன்றில் என் பெயரையும் படத்தையும் காட்டிய பிறகுதான் டீ வரவழைத்தார். அப்போதும் படத்தில் என் மூக்கு வேறு மாதிரி இருக்கிறதென்று இரண்டு தடவை சொல்லிக்காட்டினார்.

இரண்டாம் நாள் காலையில் நிலவழகன் வந்தான். இருபத்தேழு வயது, ஏசி மெக்கானிக், கல்ஃபுக்கு முதல் பயணம். சாயங்காலம் ஃபிளைட், பன்னிரண்டு மணிக்கு வேன் சொல்லியிருந்தான். ஆலங்குடியிலிருந்து ஏர்போர்ட்டுக்கு இரண்டு மணி நேரம் தாராளம். ஆனால் திலகவதி நாள்காட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு முகூர்த்தம். புதுக்கோட்டைக்குள்ள மாப்பிள்ள ஊர்வலம் வந்துச்சுன்னா ஒன் ஃபிளைட்டுக்காக ஒதுங்குவாகளா?" என்றார். அவன் அந்த இடத்திலேயே வேன்காரனுக்குப் போன் போட்டுப் பதினொன்றரைக்கு மாற்றினான்.

அவனுடைய பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டே அவர் சொன்னதையெல்லாம் எழுதிவைத்திருக்கிறேன். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னார் என்றால் நம்புங்கள்:

"முப்பது கிலோ குடுத்திருக்கான்னா இருவத்தொம்பதோட நிறுத்திக்க. அவுக தராசும் நம்ம தராசும் அண்ணன் தம்பி இல்ல, பங்காளி. பவர் பேங்க் கைப்பையில. ஊறுகா பெரிய பெட்டியில, மூணு கவர் போட்டு. கொப்பரைய எடுத்து வெளிய வை, எண்ணெய்ச் சாமான், ஏத்த விடமாட்டான். விசா நகல் மூணு எடு, மூணையும் மூணு எடத்துல வை. அரைஞாண் கொடி வெள்ளியா கயிறா? வெள்ளின்னா இங்கயே கழட்டு. அங்க கத்துச்சுன்னா எல்லாரு முன்னாடியும் வேட்டிய அவுக்குற மாதிரி ஆயிரும். வரிசையில நிக்கிறப்ப எவனாச்சும் 'அண்ணே, எனக்கு வெயிட்டு கூடிப்போச்சு, இத மட்டும் ஒங்க பையில வச்சுக்கங்க'ன்னா செவுடு மாதிரி நில்லு. நம்ம ஊருக்காரன்னு சொன்னா ரெண்டு அடி தள்ளி நில்லு."

"வழியனுப்ப எத்தன பேரு வாராக?" என்று கேட்டார். பதினோரு பேர் என்றான். "அவுக எவர் கையிலயும் பாஸ்போர்ட்டக் குடுக்காத. போட்டோவப் பாக்குறேன்னு வாங்குவாக." இதற்கு ஒரு காரணம் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனின் பெரியப்பா அப்படி வாங்கிப் பார்த்தார். பார்த்தவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கண்ணீரோடு கையசைத்துவிட்டு, பஸ் ஏறி ஊர்வந்து சேர்ந்துவிட்டார். பையன் டெர்மினல் வாசலில் நின்று ஒவ்வொரு பையாகக் கொட்டித் தேடிக்கொண்டிருந்தான்.

நிலவழகன் எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றான். அரைஞாண் கயிறுதான் என்று சட்டையைத் தூக்கிக் காட்டினான். பெட்டி இருபத்தாறு கிலோ. மிச்சம் இருக்கும் மூன்று கிலோதான் தெருவுக்கே தெரிந்துவிடுகிறதே! ஒருவன் விமானம் ஏறுகிறான் என்றால் அவன் போகிற ஊரில் பிள்ளை இருக்கிற அத்தனை வீட்டிலிருந்தும் பொட்டலம் வரும். மறுத்தால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நிற்காது. அதனால்தான் பொட்டலங்களை நேரே கடைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிடுகிறார்கள். பகை திலகவதியோடு போய்விடும் அல்லவா?

பதினோரு மணி வெயிலில் ஆரோக்கியம்மாள் கட்டைப்பையோடு வந்தார். அறுபது வயதிருக்கும். அடுத்த தெரு, திலகவதியோடு இருபது வருஷப் பழக்கம். மகன் ஜஸ்டின், நிலவழகன் போகிற அதே ஊரில் பெயிண்டராக இருக்கிறான். குடல்வால் ஆபரேஷன் ஆகி அறைக்குத் திரும்பி எட்டு நாள் ஆகிறதாம்.

"வாய்க்கு ஒண்ணுமே புடிக்கலயாம் திலகா. ஆத்தா கைப்பொடி இருந்தா கோழிச்சாறு வச்சுக் குடிப்பேன்னு போன்ல அழுவுறான். முப்பத்தாறு வயசு, மீச வச்ச பய, அழுவுறான்."

பையிலிருந்து ஒரு கிலோ கறிமசாலாப் பொடி வெளியே வந்தது. திலகவதி பிரித்தார். முகர்ந்தார். ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் போட்டு விரலால் தேய்த்து, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அக்கா, கசகசா போட்டீகளா?"

நம் ஊர்க் கறிக்குழம்புக்கு ஒரு கை கசகசா விழாவிட்டால் கெட்டி வராது. கல்ஃப் நாடுகள் சிலவற்றில் அதே கசகசா போதைச்செடியின் விதை. பிடித்தால் குழம்புச் சாமான் என்று சொல்லித் தப்ப முடியாது. பிடிபடுவது அரைத்தவரும் அல்ல, தின்னப்போகிறவரும் அல்ல. சுமந்துபோனவன்.

"போடல. நீதான் போன வருசமே சொன்னேல்ல. மாதா சத்தியமா ஒரு விதகூடப் போடல."

"சத்தியத்த ஸ்கேன் பண்ற மிஷினு அங்க இல்லக்கா. எங்க அரைச்சீக?"

"தங்கமுத்து மில்லுலதான். வேற எங்க அரைப்பாக?"

"ஒங்களுக்கு முன்னாடி யாரு அரைச்சா?"

ஆரோக்கியம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரோ ஒரு பொம்பள மசாலா அரைச்சிட்டுப் போனா. அவ சாதகத்தையா வாங்கிப் பாப்பேன்?"

"அவ கசகசா போட்டிருந்தா? மிஷினுக்குள்ள ஒட்டுனது பூராவும் அடுத்து அரைக்கிறவக பொடியிலதான வரும்?"

எனக்கே எரிச்சலாக வந்தது. சந்தேகத்துக்கும் ஓர் எல்லை வேண்டாமா? மில்லில் முன்னால் நின்றவளின் மசாலாவரைக்கும் ஒரு மனுஷி தோண்டுவாளா! நிலவழகனுக்கும் மனசு பொறுக்கவில்லை. "பரவாயில்லக்கா. ஒரு கிலோதான, நான் கொண்டுபோயிருறேன்" என்றான்.

திலகவதி அவன் பக்கம் திரும்பினார். "எங்க வீட்டுக்காரரும் இதேதான் சொன்னாரு. பரவாயில்ல, ஒரு கிலோதானன்னு."

அவர் கணவர் ரத்தினவேலு பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவு முடிந்து திரும்பும்போது ஒரு பக்கத்துவீட்டுப் பொடியைக் கொண்டுபோனார். அந்த ஊரில் இறங்கியதும் பிடித்துக்கொண்டார்கள். பதினோரு மாதம் ஜெயில். பிறகு கைப்பையோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது நிலக்கடலை பயிரிடுகிறார், மாடு பார்க்கிறார், மசாலா போட்ட குழம்பைத் தொடுவதில்லை. இதை ஊரார் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஊரார் சொல்லாத ஒன்றை இப்போது திலகவதி சொன்னார்.

"குடுத்தவுக கெட்டவுக இல்ல தம்பி. ருசியா இருக்கட்டும்னு ஒரு கை அள்ளிப் போட்டாக, அம்புட்டுத்தான். பிரிச்சுப் பாத்தா வருத்தப்படுவாகளேன்னு பிரிக்காம வாங்கித் துணி சுத்தித் தச்சது யாரு? நாந்தான். என் கையால தச்சு அனுப்பிவிட்டேன் அந்த மனுசன. இன்னிக்கு வரைக்கும் ஏன்டி தச்சேன்னு ஒரு வார்த்த கேட்டதில்ல. கேட்டுத் தொலைச்சாலாவது ஆறும்."

ஆரோக்கியம்மாள் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார். தன் பொடியைத் தானே முடிந்து கட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டார். கிளம்பத்தான் எழுந்தார். அப்போதுதான் நிலவழகனின் திறந்த பெட்டிக்குள் அவர் கண் போயிற்று. துணிமணிக்கு மேலே, வெள்ளைத் துணி சுற்றிக் கோணி ஊசியால் நெருக்கமாகத் தைத்த ஒரு பொட்டலம். மேலே மார்க்கரில் 'கலைமதி' என்று எழுதியிருந்தது. கலைமதி திலகவதியின் ஒரே மகள். அதே ஊரில் நர்ஸ்.

"அதுல என்ன திலகா?"

"அவளுக்கு ரெண்டு நைட்டி. கொஞ்சம் சாமான்."

"பொடி இருக்கா?"

திலகவதி டேப்பைக் கையில் எடுத்தார், கீழே வைத்தார். "இருக்கு. அவளுக்கு ஏழு மாசம். எதையும் வாயில வக்க முடியலங்குறா..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எந்த மில்லு?"

அந்தக் கேள்வியில் கோபம் இருந்திருந்தால் அவர் சமாளித்திருப்பார். கோபக்காரர்களை அவர் நாள் முழுக்கச் சமாளிக்கிறவர்தானே. ஆரோக்கியம்மாள் மெதுவாகத்தான் கேட்டார்.

"தங்கமுத்து மில்லுதான். ஆனா நான் மொதல்ல ஒரு படி அரிசிய விட்டு மிஷின ஓட்டிட்டுத்தான் அரைச்சேன். கூடவே நின்னு பாத்தேன். கசகசா நம்ம வீட்டுக்குள்ளயே வாரதில்ல..."

சொல்லச் சொல்லவே குரல் இறங்கிக்கொண்டு வந்தது. இரண்டு நாளாக எத்தனை பேர் திலகவதிக்கு எதிரே நின்று இதே மாதிரி சத்தியம் செய்தார்கள், அவர் எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினார் என்று எனக்குத் தெரியும். ஒரு படி அரிசிக்கு மிஷின் சுத்தமாகிவிடுமா என்று ஆரோக்கியம்மாள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. பாவம், வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் போகிற பொடி என்று நானும் விழுங்கிக்கொண்டேன். வாசலில் வேன்காரன் ஹாரன் அடித்தான். வேனுக்குள்ளிருந்து வழியனுப்புகிற பதினோரு பேரும் எட்டிப் பார்த்தார்கள். நிலவழகன் தரையைப் பார்த்துக்கொண்டு, "விடுங்கக்கா, ஒங்க கைப்பொடி, அதுல என்ன இருக்கப்போகுது" என்றான்.

திலகவதி பெட்டிக்குள் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்தார். பிளேடால் தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். நைட்டி இரண்டையும் உதறி மடித்து மறுபடி பெட்டியில் வைத்தார். பொடி கைக்கு வந்ததும் முகரவில்லை, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. நேரே ஆரோக்கியம்மாளிடம் போனார். ஆரோக்கியம்மாள் கட்டைப்பையின் வாயை அகட்டிப் பிடித்தார். திலகவதி தன் மகளுக்கு அரைத்த பொடியை அதற்குள் இறக்கினார்.